லண்டன் போலீஸ் நினைவுக்கல்லுங்க: எங்க இருக்கு, எப்படிப் போறது, யாருக்குக் காசு குடுக்குறது

லண்டனுக்குப் புதுசா வர்றவங்க அரண்மனை, பிக் பென், பார்லிமென்ட்னு ஒரு ரவுண்டு போயிட்டு வருவீங்க. அதே வழியில நடைபாதை ஓரத்துல சின்னச் சின்னக் கல்லு சில இடத்துல நிக்கும், அதுல ஒரு போலீஸ்காரர் பேரும் ஒரு தேதியும் இருக்கும், பெரும்பாலும் அந்த ஆள் விழுந்த எடமே அதுதான். இத வைக்குறது போலீஸ் மெமோரியல் டிரஸ்ட்னு ஒரு அறக்கட்டளை. புதுசா வந்தவங்க இதையெல்லாம் எப்படிப் போய்ப் பாக்குறது, எங்க என்ன நடந்துச்சு, மனசு வந்து காசு குடுக்கணும்னா யாருக்கு எப்படிக் குடுக்குறது, இதெல்லாம் ஒரே எடத்துல தமிழ்ல இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு, அதான் எழுதுறேன்.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல வச்சுக்கங்க, இந்த ஊர்ல சாதாரண போலீஸ்காரங்க கையில துப்பாக்கி கிடையாது. லத்தி, ரேடியோ, கண்ணெரிச்சல் ஸ்ப்ரே, சிலர்கிட்ட டேசர், இப்படித்தான். வட அயர்லாந்து மட்டும் வேற கதை. கீழ நான் சொல்ற பல கல்லுக்கும் பின்னாடி இந்த விஷயம் இருக்கு.

டிரஸ்ட் எப்படி வந்துச்சு

1984 ஏப்ரல் 17. செயின்ட் ஜேம்ஸ் ஸ்கொயர்ல லிபியா தூதரகம் இருந்துச்சு, அதுக்கு எதிர்ல லிபியாவ ஆண்ட கடாஃபிய எதிர்த்து ஒரு ஆர்ப்பாட்டம். கூட்டத்தப் பாத்துக்க நின்ன போலீஸ்ல இவோன் ஃப்ளெட்சர்னு ஒரு பொண்ணு, வயசு 25. தூதரகத்து ஜன்னல்லேர்ந்து திடீர்னு சுட ஆரம்பிச்சாங்க, ஆர்ப்பாட்டத்துக்கு வந்தவங்கள்ல 11 பேருக்குக் காயம், இவோன் வயித்துல குண்டு பாஞ்சு கொஞ்ச நேரத்துல இறந்துட்டாங்க. அவங்க கல்யாணம் பண்ணிக்க இருந்த பையனும் போலீஸ்தான், அன்னிக்கு அதே ஸ்கொயர்ல டூட்டி. தூதரகத்தச் சுத்தி 11 நாள் முற்றுகை நடந்துச்சு, அவங்க தொப்பி ரோட்டுலயே கெடந்துச்சு, கூட வேலை பாத்த ஒருத்தர் போய் அத எடுத்துட்டு வந்தாரு, அந்தத் தொப்பிதான் கடைசியா சவப்பெட்டி மேல இருந்துச்சு. தூதரகத்துல இருந்தவங்கள ராஜதந்திரப் பாதுகாப்பு இருக்குன்னு நாட்ட விட்டு அனுப்பிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் இந்தக் கொலைக்கு கிரிமினல் கோர்ட்ல ஒருத்தருக்கும் தண்டனை கெடைக்கல, 2021-ல ஒரு சிவில் வழக்குல மட்டும் ஒரு ஆளுக்கு இதுல பொறுப்பு இருக்குன்னு ஹைகோர்ட் சொல்லுச்சு.

அப்ப மைக்கேல் வின்னர்னு ஒரு சினிமா டைரக்டர், போலீசுக்கும் அவருக்கும் எந்தச் சொந்தமும் இல்ல, டைம்ஸ் பேப்பருக்கு ஒரு கடிதம் எழுதினாரு, அந்தப் பொண்ணு விழுந்த எடத்துல ஒரு நினைவுச் சின்னம் வைக்கணும்னு. அதப் படிச்சவங்க காசு அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க, மே மாசமே டிரஸ்ட் ஆரம்பிச்சாச்சு. போர்ல செத்த சிப்பாய்க்கு ஊரெல்லாம் நினைவுத்தூண் இருக்கு, தெருவுல செத்த போலீஸ்காரருக்கு என்ன இருக்குங்கறதுதான் அவர் கேட்ட கேள்வி. நம்மூர்ல நடுகல் இருக்குல்ல, செங்கம் பக்கம் இன்னும் நிக்குதே, ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஊர்க்காரங்க நட்ட கல்லு, எனக்கு இதப் பாக்கும்போது அதுதான் ஞாபகம் வருது.

நடந்தே பாக்குற ரூட்

மொத மூணையும் நடந்தே பாத்துடலாம், நின்னு நிதானமா போனா ஒன்றரை மணி நேரம் ஆகும். ஞாயித்துக்கிழமை போனா இன்னும் நல்லது, தி மால் ரோட்டுல அன்னிக்கு வண்டி விடமாட்டாங்க, குழந்தைங்கள கூட்டிட்டுப் போறவங்களுக்கு பயமில்ல. ஆனா அரண்மனையில காவல் மாத்துற நேரத்துல கூட்டம் நெரியும், அதுனால மதியத்துக்கு மேல கெளம்புங்க.

ட்யூப்ல, அதாவது சுரங்க ரயில்ல, பிக்காடிலி சர்க்கஸ் எறங்குங்க. ரீஜென்ட் ஸ்ட்ரீட்டோட தெக்குப் பக்கம் எறக்கத்துல நடந்தா வலது கைப்பக்கம் சார்லஸ் 2 ஸ்ட்ரீட் வரும், அதுல திரும்பினா நேரா செயின்ட் ஜேம்ஸ் ஸ்கொயர்ல கொண்டு விடும். நடுவுல மரமெல்லாம் இருக்குற பூங்கா, சுத்தி பழைய கட்டடங்க. வடகிழக்கு மூலைப் பக்கம் 5-ம் நம்பர் கட்டடம், அதுதான் அப்ப தூதரகமா இருந்தது. அதுக்கு எதிர்ல பூங்கா ஓர நடைபாதையில கல்லு இருக்கு. பூங்கா கேட் பூட்டியிருந்தாலும் பரவால்ல, கல்லு வெளிய இருக்குறதால எந்த நேரமும் பாக்கலாம். இங்கே வீழ்ந்தார்னு சொல்லி பேரும் தேதியும் போட்டிருப்பாங்க, வேற ஒரு வரி வீர வசனம் கிடையாது. அங்க நின்னு ஒரு தடவ திரும்பி அந்த ஜன்னலுங்களப் பாருங்க, எவ்வளவு கிட்டன்னு புரியும். எந்தப் புத்தகத்துல படிச்சாலும் அது புரியாது, அதனாலதான் கல்லு மியூசியத்துல இல்லாம ரோட்டுல இருக்குறது சரின்னு நான் நினைக்கிறேன். 1985 பிப்ரவரி 1-ம் தேதி இத தெறந்து வச்சது அப்ப பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சர், எதிர்க்கட்சித் தலைவருங்களும் வந்து ஒண்ணா நின்னாங்க. வருஷா வருஷம் ஏப்ரல் 17 அந்தக் கல்லுகிட்ட பூ இருக்கும்.

அடுத்தது, ஸ்கொயரோட தெக்குப் பக்கமா வெளிய வந்து பால் மால்ல எடது பக்கம் திரும்புங்க. வாட்டர்லூ பிளேஸ் வரும், ஒசரமான ஒரு தூண் தெரியும், அதுதான் டியூக் ஆஃப் யார்க் தூண், அதுக்குப் பின்னாடி படிக்கட்டு எறங்கினா தி மால். ரோட்ட கடந்து எடது பக்கம் கொஞ்ச தூரம், ஹார்ஸ் கார்ட்ஸ் ரோடு வந்து சேர்ற மூலையில நேஷனல் போலீஸ் மெமோரியல். பக்கத்துல கொடி படர்ந்த கோட்டை மாதிரி ஒரு பெரிய கட்டடம் இருக்கும், அட்மிரால்டி சிட்டடெல்னு பேரு, ரெண்டாம் உலகப் போர்ல கட்டினது, அத அடையாளம் வச்சுக்கங்க.

தனித்தனியா கல்லு வச்சா மட்டும் போதாது, நாடு முழுக்க செத்தவங்களுக்குப் பொதுவா ஒண்ணு வேணும்னு வின்னர் பல வருஷம் அலைஞ்சு கொண்டு வந்தது இது. 2005 ஏப்ரல் 26 எலிசபெத் ராணி தெறந்து வச்சாங்க. வடிவமைச்சது நார்மன் ஃபாஸ்டரும் டென்மார்க் கலைஞர் பெர் ஆர்னோல்டியும். ஒரு பக்கம் கருப்புக் கல்லு போத்துன சுவர், அது உள்ள ட்யூப் ரயிலுக்குக் காத்து போற குழாய் இருக்கு, அத மறைக்கிற மாதிரியே கட்டியிருக்காங்க. சுவத்துல கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு புத்தகம் தெறந்து வச்சிருக்கும், உயிர்விட்டவங்க பேரு எழுதின புத்தகம். இன்னொரு பக்கம் தண்ணி, அது நடுவுலேர்ந்து கண்ணாடித் தகடுங்கள அடுக்கின தூண். பழைய காலத்துல போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நீல விளக்கு தொங்கும், அதத்தான் இந்தத் தூண் ஞாபகப்படுத்துது. பொழுது சாயுற நேரம் போனா நல்லாருக்கும். நெறைய பேர் இத ஏதோ ஆபீஸ் கட்டடம்னு நெனச்சு நிக்காமயே போயிடுவாங்க, நீங்க கண்ணாடிகிட்ட போய் குனிஞ்சு அந்தப் பேருங்கள ஒரு நிமிஷம் படிங்க.

அங்கேர்ந்து ஹார்ஸ் கார்ட்ஸ் ரோட்டுலயே தெக்கால நடங்க, வலது பக்கம் பார்க், எடது பக்கம் பெரிய மைதானம். ரோடு முடியுற எடத்துல எடது பக்கம் திரும்பினா பார்லிமென்ட் ஸ்கொயர். பார்லிமென்ட்டுக்கு வண்டிங்க உள்ள போற கேரியேஜ் கேட்ஸ் கிட்டதான் கீத் பாமரோட கல்லு. 2017 மார்ச் 22, ஒருத்தன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துல நடைபாதையில கார ஏத்தி ஜனங்கள அடிச்சுட்டு வந்து, கத்தியோட இந்த கேட்டுக்குள்ள ஓடி வந்தான். வாசல்ல காவலுக்கு நின்ன பாமர் கையில துப்பாக்கி இல்ல, அவரக் குத்திட்டான். அவர் உயிரக் காப்பாத்த அங்கயே மண்டி போட்டு முயற்சி பண்ணவங்கள்ல ஒரு எம்பியும் இருந்தாரு. அந்தத் தாக்குதல்ல அவரையும் சேத்து 5 பேர் செத்தாங்க. பாமருக்கு அப்புறம் ஜார்ஜ் மெடல் குடுத்தாங்க. இந்த எடத்துல மட்டும் ஒரு எச்சரிக்கை: சுத்தி ஆயுதம் வச்ச போலீஸ் நிப்பாங்க, போட்டோ எடுக்கலாம், தப்பில்ல, ஆனா கேட்ட மறிச்சு நிக்காதீங்க, ரொம்ப நேரம் பைய கீழ வச்சுட்டு நகராதீங்க. ஏதாச்சும் கேட்டா கல்லப் பாக்க வந்தோம்னு சொல்லுங்க, அவங்களே பேசுவாங்க, அவங்ககூட வேலை பாத்தவர்தானே.

கொஞ்சம் தள்ளி இருக்குறது

மிச்சத்த ஒரே நாள்ல அடைக்காதீங்க. நீங்க இருக்குற ஏரியா பக்கம் ஒண்ணு இருந்தா அதுலேர்ந்து ஆரம்பிங்க.

ஹாரட்ஸ் கடைக்குப் போற நம்மாளுங்க ஏராளம். நைட்ஸ்பிரிட்ஜ் ஸ்டேஷன்ல எறங்கி, கடையோட பக்கவாட்டுல ஹான்ஸ் கிரசென்ட் தெருவுல பாருங்க. 1983 டிசம்பர் 17, கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்னாடி, சனிக்கிழமை, வட அயர்லாந்த பிரிட்டன்லேர்ந்து பிரிக்கப் போராடின ஐஆர்ஏங்கற ஆயுதக் குழு வச்ச கார் குண்டு. மெரட்டல் போன் வந்து போலீஸ் தேடிட்டு வந்தாங்க, கார நெருங்குற நேரத்துல வெடிச்சுடுச்சு. இன்ஸ்பெக்டர் ஸ்டீபன் டாட், சார்ஜென்ட் நோயல் லேன், கான்ஸ்டபிள் ஜேன் ஆர்பத்நாட், இவங்க மூணு பேரோட பொதுமக்கள் மூணு பேரும் செத்தாங்க.

ஈஸ்ட் ஆக்டன் ஸ்டேஷன்லேர்ந்து நடக்குற தூரத்துல பிரேபுரூக் ஸ்ட்ரீட். ஒரு பக்கம் வரிசையா வீடு, இன்னொரு பக்கம் பெரிய புல்வெளி. 1966 ஆகஸ்ட் 12, மூணு போலீஸ்காரங்க சந்தேகப்பட்டு ஒரு வேன நிறுத்தினாங்க, மூணு பேரையும் சுட்டுக் கொன்னுட்டாங்க: கிறிஸ்டபர் ஹெட், டேவிட் வோம்ப்வெல், ஜெஃப்ரி ஃபாக்ஸ். தெருவுல குழந்தைங்க வெளையாடிட்டு இருந்த நேரம். இங்கிலாந்து ஃபுட்பால் வேர்ல்ட் கப் ஜெயிச்சு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு, அந்த சந்தோஷமெல்லாம் போயி நாடே ஆடிப்போச்சு. பில்லி பட்லின்னு ஒரு தொழிலதிபர் 2,50,000 பவுண்டு குடுத்தாரு, அப்படித்தான் செத்த போலீஸ்காரங்க குடும்பத்துக்கு உதவ ஒரு நிதி ஆரம்பிச்சாங்க. அத கீழ மறுபடி சொல்றேன்.

கிளாப்பம்ல கேட்டோ ரோடு. பேட்ரிக் டன், வயசு 44, கணக்கு வாத்தியாரா இருந்து அப்புறம் போலீஸ் வேலைக்கு வந்தவரு. 1993 அக்டோபர்ல ஒரு வீட்டுச் சண்டைய விசாரிக்கப் போயிருந்தாரு, எதிர் வீட்டுல துப்பாக்கிச் சத்தம் கேட்டு வெளிய வந்தாரு, வாசல்லயே சுட்டுட்டாங்க. கேஸ் முடிஞ்சு ஒருத்தனுக்கு தண்டனை வர்றதுக்கு 2006 ஆயிடுச்சு.

மஸ்வெல் ஹில்லுக்கு ட்யூப் இல்ல, ஹைகேட் ஸ்டேஷன்லேர்ந்து 43 இல்லன்னா 134 பஸ் புடிங்க. ரவுண்டானாகிட்ட கீத் பிளேக்லாக் நினைவுக்கல். அவர் செத்தது இங்க இல்ல, டாட்டன்ஹாம்ல பிராட்வாட்டர் ஃபார்ம் குடியிருப்புல, 1985 அக்டோபர் 6 கலவரத்துல, தீயணைப்பு வீரர்களுக்குப் பாதுகாப்பா போனவரு. மஸ்வெல் ஹில் அவர் ரோந்து போன ஏரியா, அங்க எல்லாருக்கும் அவரத் தெரியும், அதனால கல்லு இங்க. இந்தக் கதைய முழுசாத்தான் சொல்லணும். கலவரத்துக்கு மொத நாள் போலீஸ் சோதனை போட்ட ஒரு வீட்டுல சிந்தியா ஜாரெட்னு ஒரு கறுப்பினத் தாய் மாரடைப்புல செத்துப்போனாங்க, அந்தக் கோபத்துலதான் ஊரு கொந்தளிச்சது. பிளேக்லாக் கொலைக்கு தண்டனை குடுத்த 3 பேரோட தீர்ப்ப 1991-ல கோர்ட்டே ரத்து பண்ணுச்சு. ரெண்டு குடும்பத்துக்குமே நியாயம் கெடைக்கல. குழந்தைங்க கேட்டா ரெண்டையும் சொல்லுங்க, ஒண்ண மறைச்சு இன்னொண்ணுக்கு மரியாதை பண்ண முடியாது.

லண்டனத் தாண்டியும் இருக்கு. பிராட்ஃபோர்டு போறவங்க மோர்லி ஸ்ட்ரீட்ல ஷாரன் பெஷெனிவ்ஸ்கி கல்லப் பாக்கலாம், 2005 நவம்பர் 18 ஒரு டிராவல் ஏஜென்சில கொள்ளைன்னு அலாரம் வந்து போனவங்க.

அங்க போனா எப்படி நடந்துக்குறது

பூ வைக்கலாம், தாராளமா வைங்க, ஆனா பிளாஸ்டிக் கவரப் பிரிச்சுட்டு வைங்க. கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவத்தி ஏத்தி வச்சுட்டு வராதீங்க, இது பொது நடைபாதை. மாலை பெருசா இருந்தா எழுத்து மறையும், ஒரு சின்னக் கொத்து போதும். கல்லு மேல குழந்தைய உக்கார வச்சு போட்டோ எடுக்கவே எடுக்காதீங்க. குடும்பத்துக்காரங்க யாராச்சும் நிக்கிற மாதிரி தெரிஞ்சா கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, அவங்க போனப்புறம் போங்க.

தேதி பாத்துப் போகணும்னா, தமிழ்நாட்டுல அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள் தெரியும்ல, இங்க அது செப்டம்பர் கடைசிப் பக்கம் ஒரு ஞாயித்துக்கிழமை வரும், 29-ம் தேதி செயின்ட் மைக்கேல் நாள ஒட்டி. அவர்தான் போலீஸ்காரங்களுக்குக் காவல் தெய்வம். கென்ட் போலீஸ் சார்ஜென்ட் ஜோ ஹோல்னஸ், தன்கூட வேலை பாத்த ஜான் ஓடெல் 2000 டிசம்பர்ல டூட்டில செத்ததுக்கப்புறம் இந்த நாளுக்காக முயற்சி பண்ணி, 2004-ல செயின்ட் பால்ஸ் தேவாலயத்துல மொத தடவையா நடந்துச்சு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துனு சுத்தி சுத்தி நடக்கும்.

காசு குடுக்கணும்னா

மொதல்ல யாரு என்ன வேலை பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கங்க, பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்குறதால எல்லாரும் கொழம்புறாங்க. போலீஸ் மெமோரியல் டிரஸ்ட் கல்லு வைக்குறவங்க. போலீஸ் ரோல் ஆஃப் ஹானர் டிரஸ்ட் பேருங்களத் தேடி ஆவணமா வைக்குறவங்க. கேர் ஆஃப் போலீஸ் சர்வைவர்ஸ், சுருக்கமா காப்ஸ், செத்தவங்களோட பொண்டாட்டி, புருஷன், புள்ளைங்க, அப்பா அம்மாவுக்குத் துணையா நிக்கிறவங்க. மேல சொன்ன 1966 நிதி இன்னிக்கு போலீஸ் கேர் யுகேங்கற பேர்ல இருக்கு, காயம்பட்டவங்களையும் குடும்பத்தையும் பாத்துக்குது. கல்லுக்குக் குடுக்குறது ஒண்ணு, குடும்பத்துக்குக் குடுக்குறது ஒண்ணு, நான் பெரும்பாலும் காப்ஸுக்குக் குடுக்கச் சொல்லுவேன், ஏன்னா ஒரு கல்லு வச்சுட்டா நிக்கும், ஒரு குழந்தை வளர்றதுக்கு 20 வருஷம் ஆகும்.

அடுத்து, செக் பண்ணுங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல பதிவான அறக்கட்டளைங்க எல்லாம் சேரிட்டி கமிஷன் ரெஜிஸ்டர்ல இருக்கும், பேரையோ நம்பரையோ போட்டா வரும். டிரஸ்டிங்க யாரு, வரவு செலவுக் கணக்கு நேரத்துக்குக் குடுத்திருக்காங்களா, நோக்கம்னு என்ன எழுதியிருக்கு, இந்த மூணையும் பாருங்க. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி ரெஜிஸ்டர். போலீஸ் பேரச் சொல்லி போன் பண்ணி கார்டு நம்பர் கேட்டா உடனே குடுக்காதீங்க, கட் பண்ணிட்டு அந்த அறக்கட்டளையோட சொந்த வெப்சைட்டுக்கு நீங்களே போய்க் குடுங்க. உண்மையான ஆளுங்க அவசரப்படுத்த மாட்டாங்க.

இங்க வரி கட்டுறவங்களா இருந்தா கிஃப்ட் எய்டு டிக் பண்ண மறக்காதீங்க. நீங்க குடுக்குற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கத்துகிட்டேர்ந்து அறக்கட்டளை 25 பென்ஸ் வாங்கிக்கும், உங்க கைக்காசு ஒரு பைசா கூடுதலா போகாது. ஆனா அந்த வருஷம் அந்த அளவுக்காச்சும் நீங்க வரி கட்டியிருக்கணும், ஸ்டூடன்ட் விசால வந்து வருமானமே இல்லாதவங்க அத டிக் பண்ணக்கூடாது. சம்பளக்காரங்க ஆபீஸ்ல பேரோல் கிவிங் இருக்கான்னு கேளுங்க, வரி புடிக்கிறதுக்கு முன்னாடியே சம்பளத்துலேர்ந்து போயிடும்.

ஒரு முழு நாள் ஒதுக்க முடிஞ்சா

ஸ்டாஃபோர்ட்ஷயர்ல ஆல்ரூவாஸ் பக்கம் நேஷனல் மெமோரியல் ஆர்போரீட்டம்னு ஒரு நினைவு மரப் பூங்கா இருக்கு. 2021 ஜூலை 28, கொட்டுற மழையில, அப்ப இளவரசரா இருந்த சார்லஸ் அங்க யுகே போலீஸ் மெமோரியல தெறந்து வச்சாரு, 12 மீட்டர் ஒசரத்துக்கு பித்தளைச் சுவர் மாதிரி, இலை வடிவத்துல ஓட்டை ஓட்டையா வெட்டியிருக்கும், அது வழியா வெளிச்சம் வரும். அதோட அங்க தி பீட்னு ஒரு மர வரிசை இருக்கு, எல்லாம் ஹார்ஸ் செஸ்ட்நட் மரம், அந்தக் காலத்து போலீஸ் லத்திய அந்த மரத்துலதான் செஞ்சாங்கன்னு அதயே நட்டிருக்காங்க. காப்ஸோட வருஷாந்திர நினைவு நிகழ்ச்சி ஜூலை மாசம் நடக்குறதும் இங்கதான், போலீஸ்காரங்க கூட்டம் கூட்டமா சைக்கிள்ல வந்து சேருவாங்க, ஒவ்வொருத்தரும் செத்துப்போன ஒருத்தர் பேர கையில கட்டிட்டு வருவாங்க.

உள்ள போக காசு இல்ல, ஆனா பார்க்கிங்குக்குக் கட்டணும். ரயில்ல போறவங்க யூஸ்டன்லேர்ந்து லிச்ஃபீல்டு ட்ரென்ட் வேலி ஸ்டேஷன், அங்கேர்ந்து டாக்சி, திரும்பி வர்றதுக்கும் அப்பவே டாக்சி சொல்லி வச்சுடுங்க, அங்க நின்ன எடத்துல கெடைக்காது. எடம் ரொம்பப் பெருசு, மழைக்கு ஒதுங்க எடம் கம்மி, அதனால நல்ல ஷூவும் குடையும் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, வயசானவங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா மொபிலிட்டி ஸ்கூட்டர் உண்டான்னு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்கங்க.